முன்னே போகும் தடம்

வண்டித் தடம் என்பது வண்டி போன பிறகு அதன் பின்னால் விழுவது என்று பரவலாக நம்பப்படுகிறது. படித்தவர்களும் நம்புகிறார்கள், படிக்காதவர்களும் நம்புகிறார்கள். இதை நம்பியே போலீஸ்காரர்கள் திருடர்களைத் தேடுகிறார்கள், இதை நம்பியே திருடர்கள் வண்டிக்குப் பின்னால் முள்கொத்தைக் கட்டி இழுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். இந்த நம்பிக்கை பிழையானது என்பதை மிகுந்த பொறுப்புணர்ச்சியோடு தெரிவிக்க வேண்டியிருக்கிறது. தார் ரோட்டிலும் வயல் சேற்றிலும் அது சரியாகவே இருக்கலாம். ஆனால் கருக்குவிளைக்கும் கடற்கரையில் இருக்கும் சவேரியார்துறைக்கும் நடுவே கிடக்கும் தேரிக்காட்டில் தடம் முந்தின நாள் காலையிலேயே விழுந்துவிடுகிறது, வண்டிதான் மறுநாள் அதன் பின்னால் போகிறது. தமிழ்நாட்டில் பாலைவனமே கிடையாது என்ற இன்னொரு பிழையையும் இதோடு சேர்த்துத் திருத்திவிடலாம்தான். ஒரு கதைக்கு ஒரு திருத்தம் போதும்.

தேரியைப் பார்க்காதவர்கள், ஊர் ஊராக இருக்கும் செங்கல் சூளைகளையெல்லாம் இடித்துப் பொடித்துச் சலித்துக் கண்ணுக்கெட்டிய தூரம் கொட்டி வைத்ததாக நினைத்துக்கொள்ளலாம். அதில் அங்கங்கே பனை, அங்கங்கே முந்திரி, இரண்டும் பிழைக்காத இடத்தில் உடைமரம். ஆடிக்காற்று வீசத் தொடங்கினால் காலையில் மேடாக இருந்த இடம் சாயங்காலம் பள்ளமாகி, பள்ளம் மேடாகி, நேற்று வண்டி போன வழி இன்று யாருடைய நினைவிலும் இல்லாத வழியாகிவிடும். கருக்குவிளைக்கு இதைவிட்டால் வேறு வழி கிடையாது. ஆகவே அந்த ஊரில் வண்டி ஓட்டுகிறவர்கள் வேறெங்கும் தேவைப்படாத சில பழக்கங்களைக் கைக்கொண்டிருந்தார்கள்: தேரியின் வாசலில் இறங்கி, வெற்றிலை அடக்கிய கன்னம்போல் பிதுங்கும்வரை டயர்களில் காற்றை இறக்கிவிடுவது, மேட்டில் ஏறும்போது கியரை மாற்றாமல் இருப்பது, பாம்பைக் கண்டாலும் மாமியாரைக் கண்டாலும் பிரேக்கில் கால் வைக்காமல் இருப்பது, ஏனென்றால் நின்ற சக்கரத்தை மணல் விழுங்கிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, போகிற ஒவ்வொரு வண்டியும் ஒரு பனைமட்டையைக் கொண்டுபோய், நடுவழியில் ஒற்றையாக நிற்கும் உடைமரத்தடியில் ஓடும் வண்டியிலிருந்தே வீசிவிட்டுப் போக வேண்டும். எவனாவது அங்கே புதைந்து நின்றால் சக்கரத்துக்கு அடியில் கொடுக்க அந்த மட்டைகள் உதவும். யார் போட்ட மட்டையில் யார் கரையேறினார்கள் என்று அந்தக் காலத்தில் யாரும் கேட்டதில்லை.

அது தடம் முந்திக்கொள்வதற்கு முந்தைய காலம்.

முதலில் கண்டது சிமியோன். தேரியின் வாசலில் டீக்கடை வைத்திருப்பவர். ஓர் ஆடி மாதக் காலையில், கடை முன்னால் அதுவரை வராத வண்டி ஒன்றின் தடம் அப்போதுதான் போனதுபோல் ஈரம் மாறாமல் கிடப்பதைக் கண்டார். மறுநாள் ஒரு முந்திரி வியாபாரியின் வேன் வந்து அந்தத் தடத்தின்மேல், அளவெடுத்துத் தைத்த சட்டைக்குள் கை நுழைவதுபோல் நுழைந்து போனதையும் கண்டார். வேறு ஊராக இருந்திருந்தால் ஒரு கோயில் எழும்பியிருக்கும். சிமியோனுக்குத் தோன்றியது, நாளைக்கு எவ்வளவு பால் வாங்குவது என்ற தன் நெடுங்காலக் கவலை தீர்ந்தது என்பது மட்டும்தான். அன்றிலிருந்து அவர் காலையில் எழுந்ததும் தடங்களைப் பார்த்து, வரப்போகிறவர்களைக் கணக்கிட்டு, அதற்குத் தகுந்தபடி பால்காரரிடம் சொல்லியனுப்பினார். அவர் கடையில் பால் மிஞ்சியதும் இல்லை, போதாமல் போனதும் இல்லை.

மற்றவர்களும் வெகு சீக்கிரம் பழகிக்கொண்டார்கள். பெண் பார்க்க வருகிறவர்களின் கார்த் தடம் ஊர்வரைக்கும் வந்திருந்தால் பெண் வீட்டில் ரவை வறுத்தார்கள், பாதி வழியில் வளைந்து திரும்பியிருந்தால் வறுக்கவில்லை. போலீஸ் ஜீப்பின் தடத்தைப் பார்த்ததும் கள் இறக்குகிறவர்கள் மறுநாளைக்குப் பதநீர் மட்டும் இறக்கினார்கள். இதைக் கண்டுபிடித்த சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர், காலடிக்கு அந்த வழக்கம் இல்லை, சக்கரத்துக்கு மட்டும்தான் என்பதையும் கண்டுபிடித்து, தன் ஆட்களை நடத்தியே கூட்டி வந்தார். வந்து சேர்ந்தவர்கள் இருந்த இருப்பைப் பார்த்துப் பதநீர் இறக்குகிறவர்களே அவர்களுக்குக் கள் கொடுத்தார்கள். எங்கேயும் போகும் உத்தேசம் இல்லாமல் இருந்த ஒருவர், தன் ஸ்கூட்டர்த் தடம் சவேரியார்துறைக்குப் போயிருப்பதைப் பார்த்து, நாளைக்கு நமக்கு அங்கே என்ன வேலை என்று தெரிந்துகொள்வதற்காகவே போய், சித்தி இறந்த வீட்டில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தார். நாளைய தடத்தை மிதிப்பது மரியாதைக் குறைவு என்று ஆகி, பெண்கள் சேலையை ஒதுக்கிக்கொண்டு தாண்டிப் போகப் பழகினார்கள். வண்டி ஓட்டுகிறவர்களின் மனைவிமார் முந்தின நாள் காலையில் வந்து, போகிற தடத்துக்குப் பக்கத்தில் திரும்புகிற தடமும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போய், மறுநாள் அந்த நம்பிக்கையில் உலை வைத்தார்கள்.

இதில் ஒன்று மட்டும் யாரும் கவனிக்காமல் நடந்தது. டிரைவர்கள் மணலைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். தடம் எங்கே போகிறதோ அங்கே சக்கரமே போனது. எந்த மேட்டைச் சுற்றுவது, எந்தச் சரிவில் இறங்குவது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. புதையப் போகிறவனின் தடத்தில் முந்தின நாளே குழி தெரிந்தது, அவன் மட்டும் மட்டை எடுத்துக்கொண்டு போனான். மற்றவர்கள் எதற்கு மட்டை வீச வேண்டும்? உடைமரத்தடிக் குவியலை ஒருநாள் யாரோ ஏற்றி வந்து சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவில் பொங்கலுக்கு எரித்தார்கள். நன்றாக எரிந்தது.

பயம் என்று ஒன்று அவர்களுக்குள் வந்தது ஐஸ்காரர் செல்லத்துரையால். அவருடைய மொபெட்டின் தடம் ஒருநாள் பனங்கூட்டம்வரை போய் அங்கேயே முடிந்திருந்தது. திரும்பவும் இல்லை, அப்பால் போகவும் இல்லை. மறுநாள் ஊர் அங்கே போனபோது மொபெட் நின்றது, பெட்டிக்குள் ஐஸ் உருகிப் பல நிறத்தில் தண்ணீராகியிருந்தது, செல்லத்துரை பனையில் சாய்ந்து, யாரோ கூப்பிட்டால் எழுந்துவிடப் போகிறவர்போல் உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு முடிந்துபோன தடம் எதையும் யாரும் பார்க்கவில்லை, அந்தப் புதன்கிழமை காலைவரை.

அய்யாக்குட்டியின் ஜீப்பை அந்தத் தேரியில் தெரியாதவர் இல்லை. தினமும் சவேரியார்துறைக்குப் போய் மீன் ஏற்றி வரும் வண்டி. அதன் பின்பக்க இடது டயர் எப்போதோ கிழிந்து, பஞ்சர் கடை இசக்கிதாஸ் அதற்குத் தையல் போட்டிருந்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் மணலில் ஒரு மீன்முள் பதியும். மறுநாளைக்கான அந்த மீன்முள் புதன்கிழமை காலையில் சிமியோன் கடையைத் தாண்டித் தேரிக்குள் போயிருந்தது. சிமியோன் பாலைக் கணக்கிட்டுக்கொண்டே பார்த்தார், திரும்புகிற தடத்தைக் காணோம். அடுப்பை அப்படியே விட்டுவிட்டு உடைமரம்வரை நடந்து போய்விட்டு வந்தார். வந்தபோது, அய்யாக்குட்டியின் மனைவி பொன்மலர், பிரசவத்துக்கு இரண்டு வாரமே இருந்த வயிற்றோடு கடை முன்னால் நின்றாள்.

சிமியோன் அடுப்பை ஊதக் குனிந்துகொண்டார்.

"என்ன அண்ணாச்சி, மூஞ்சிய அடுப்புக்குள்ள விட்டுக்கிட்டு இருக்கிய?"

"புகைம்மா."

"புகை வெளிய வருது. நீங்க உள்ள போறிய." அவள் மணலைப் பார்த்தாள். "எங்க வண்டி திரும்புன தடம் எங்க?"

"உடைமரம் வரைக்கும் போயிருக்கு."

"அதுக்கு அங்கிட்டு?"

"அதுக்கு அங்கிட்டு மணலு."

பொன்மலர் தடத்தை மிதிக்காமல், வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தாள். முந்தின நாளே விழுந்திருந்த புதன்கிழமைத் தடத்தில் பத்திரமாகப் போய்ப் பத்திரமாகத் திரும்பிய கணவன் மீனோடு வந்து நிற்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அதற்குள் பாதி ஊர் கடைக்கு வந்துவிட்டது. வந்தவர்கள் அந்த வழியாகப் போகும்போது கண்ணில் பட்டதுபோல் தடத்தைப் பார்த்தார்கள், பிறகு வேறு எங்கோ பார்த்தார்கள்.

விஷயத்தைக் கேட்ட அய்யாக்குட்டி சிரித்தார். "நாளைக்கு நான் போவல. அவ்வளவுதான? மீனு செத்தா நாறும், நான் செத்தாலும் நாறுவேன். மீனே நாறட்டும்." ஆனால் பீடியைப் பற்றவைக்கக் குச்சிமேல் குச்சியாகக் கிழித்தார், காற்று அவ்வளவாக இல்லை.

"போவாம இருந்தா ஆச்சா?" என்றார் சிமியோன். "பாக்கியதுரை இப்படித்தான் ஒருநாள் தன் தடத்துல குழியப் பாத்துப் பயந்துகிட்டு டெம்போவப் பூட்டி, சாவிய இடுப்புல சொருகிக்கிட்டுப் படுத்தாரு. மச்சினன் வந்து வயரக் கோத்து எடுத்துட்டுப் போயிட்டான். தடம் எங்கவே பொய்யாச்சு?"

"அப்ப என்ன செய்யச் சொல்லுதீரு? போய்ச் சாவச் சொல்லுதீரா?"

"நான் அப்படிச் சொல்வனாவே?"

"வேற எப்படிச் சொல்லுதீரு?"

இசக்கிதாஸ் இதுவரை மணலில் மீன்முள்ளையே பார்த்துக்கொண்டு குந்தியிருந்தார். தான் போட்ட தையலின்மேல் அவருக்கு எப்போதும் ஒரு பெருமை உண்டு. "அண்ணாச்சி, இது உங்க தடம்னு யாரு சொன்னா?"

"தையல் தெரியுதுல்லாடே."

"தையல் டயருக்குத்தான போட்டேன். உங்களுக்கா போட்டேன்?" இசக்கிதாஸ் எழுந்து நின்றார். "நாளைக்கு அங்கன போறதாச் சொல்லியிருக்கது நாலு டயரு. டயரு போவட்டும். நீங்க எதுக்குப் போணும், ஜீப்பு எதுக்குப் போணும்?"

இது எவ்வளவு சரி என்று யாருக்கும் தெரியாது. தவறு என்றும் யாராலும் சொல்ல முடியவில்லை. வியாழக்கிழமை விடிந்ததும் ஜீப்பை அய்யாக்குட்டியின் வீட்டு வாசலிலேயே கல்மேல் நிறுத்தி, நாலு டயரையும் கழற்றி, ஊரின் பெரிய மனிதர்கள் நாலு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆளுக்கு ஒரு டயராகத் தேரிக்குள் உருட்டிப் போனார்கள், முன்டயரை முன்டயர்த் தடத்திலும் பின்டயரை அதன்மேலும், தையல் விழும் இடத்தில் தையல் விழும்படி பார்த்துப் பார்த்து, ஒரு பூதவுடலைச் சுமந்துபோகும் நிதானத்தோடு. அவர்களில் ஒருவருக்கு மட்டும் நடுவில் சிரிப்பு வந்தது, அதை இருமலாக மாற்றிக்கொண்டார். உடைமரத்தடியில், தடம் முடிந்த இடத்தில், டயர்களைச் சாய்த்துப் படுக்கவைத்தார்கள். சிமியோன் குனிந்து பார்த்து, கடைசி மீன்முள் வரைக்கும் பொருந்தியிருக்கிறது என்று சொன்னார். எல்லாரும் திரும்பிப் பார்க்காமல் நடந்து ஊருக்கு வந்து, கால் கழுவினார்கள்.

பொன்மலருக்கு வலி வந்தது அப்போதுதான்.

இரண்டு வாரம் இருக்கிறது என்று எல்லாரும் அவளிடமே சொன்னார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "அத எங்கிட்டச் சொல்லாதிய, உள்ள இருக்கதுகிட்டச் சொல்லுங்க" என்றாள். ஆஸ்பத்திரி சவேரியார்துறையில். வெயில் ஏறிவிட்டது, அந்த மணலில் தூக்கிச் சுமந்து போக முடியாது, வேறு வண்டிகள் எல்லாம் அன்றைக்குத் தடம் போட்டிருந்தபடி வெளியே போயிருந்தன. ஊரில் மிச்சமிருந்தது கல்மேல் நின்ற ஒரு ஜீப். இசக்கிதாஸ் ஓடிப்போய், இரும்புக்குப் போட்ட ஏதோ ஒரு ஜீப்பிலிருந்து கழற்றித் தன் கடைக்குப் பின்னால் கோழிகளுக்கு நிழலாக வைத்திருந்த நாலு மொட்டை டயர்களை உருட்டி வந்தார்.

அய்யாக்குட்டி போல்ட்டை முறுக்கும்போது சிமியோன் மெல்லக் கேட்டார். "வே, இன்னைக்கு இந்த மொட்டை டயரு போவணும்னா, நேத்தே தடம் விழுந்திருக்கணுமே."

"விழுந்திருந்துச்சா?"

"இல்லவே."

"அப்ப நான் போவ மாட்டனா? இல்ல போயும் சேர மாட்டனா?"

சிமியோன் அடுத்த போல்ட்டை எடுத்துக் கொடுத்தார். பொன்மலர் யாரையும் கேட்காமல் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

இசக்கிதாஸ் காற்றடிக்கும் பம்பையும் ஒரு மண்வெட்டியையும் தூக்கிக்கொண்டு பின்னால் ஏறினார், டயர் தன்னுடையது என்ற காரணத்தால். கடையைத் தாண்டியதும் காற்றை இறக்கினார்கள். அதற்கு மேல், ஜீப்பின் முன்னால், ஒன்றும் இல்லை. பக்கத்தில் மீன்முள் தடம் உடைமரம் வரை போய்க்கொண்டிருந்தது; அதன்மேல் போக அய்யாக்குட்டிக்குத் தைரியம் இல்லை; விலகினால் எங்கே பார்த்தாலும் வெறும் செம்மணல், யாரும் போகாத, யாரும் போகப்போவதாகவும் சொல்லாத மணல். எத்தனையோ வருஷமாகத் தினமும் கடந்த வழி என்பதால் அந்த மேடுகள் தனக்குத் தெரியும் என்று அவர் நினைத்திருந்தார். தனக்குத் தெரிந்தது தடம் மட்டும்தான், மேடுகள் தன்னை ஒருநாளும் பார்த்ததில்லை என்பது முதல் மேட்டிலேயே விளங்கிவிட்டது. ஸ்டியரிங் இரண்டு பக்கமும் ஆடியது. எந்தப் பக்கம் திருப்பினாலும் அது சரியான பக்கமாகவும் இருக்கலாம், புதைகிற பக்கமாகவும் இருக்கலாம். கேட்டுச் சொல்ல மணலுக்கு வாயில்லை.

"இடதுபக்கமாப் போங்க" என்றாள் பொன்மலர்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. வலதுபக்கம் பாத்தா பயமா இருக்கு."

"இடதுபக்கம்?"

"அதுவும் பயந்தான். கொஞ்சம் கம்மி."

இடதுபக்கம் போனார்கள். ஜீப் ஏறியது, சரிந்தது, பின்பக்கம் அலைமேல் போகும் வள்ளம்போல் ஒதுங்கி மறுபடி நேரானது. எஞ்சின் சூடேறி மண்ணெண்ணெய் அடுப்பின் வாசம் வந்தது. பின்னால் இசக்கிதாஸ் தெரிந்த சாமிகளையும் தெரியாத சாமிகளையும் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டு வந்தார். பொன்மலர் கம்பியைப் பிடித்தபடி, வலி வரும்போது பேச்சை நிறுத்தி, போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள், இந்த மேட்டைச் சுத்துங்க, அந்தப் பனைக்குக் கிட்டப் போவாதிய, அது செல்லத்துரை அண்ணாச்சி பனை, கண்ணை மூடாதிய, நான் மூடிக்கிறேன். அப்படியே ஒரு மேட்டின் உச்சிக்கு வந்து இறங்கும்போது அய்யாக்குட்டிக்கு நேர் எதிரே, உடைமர நிழலில், அவருடைய நாலு டயர்களும் படுத்திருந்தன.

அவர் பிரேக்கில் கால் வைத்துவிட்டார்.

ஜீப் ஒரு பெருமூச்சோடு நின்று, உட்கார்ந்தது. பின்சக்கரங்கள் பாதிவரை உள்ளே போயின. சத்தம் எல்லாம் அடங்கி, உடைமரத்தின் காய்ந்த காய்கள் காற்றில் கிலுகிலுப்பது மட்டும் கேட்டது. மீன்முள் தடத்தின் கடைசி முள் அய்யாக்குட்டியின் கதவுக்கு நேர் கீழே இருந்தது.

"பிரேக்கு" என்றார் இசக்கிதாஸ், யாரையும் குறை சொல்லாத குரலில்.

"தெரியும்ல."

"இல்ல, சும்மா சொன்னேன்."

மட்டை தேடி இறங்கினார்கள். மரத்தடியில் குவியல் இருந்த இடத்தில் ஒரு மட்டைகூட இல்லை. கோயில் கொடையில் பொங்கல் நன்றாக வெந்தது இசக்கிதாஸுக்கு நினைவு வந்தது; இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டதும் நினைவு வந்தது. அவர் பழைய டயர்களைப் பார்த்தார். "அண்ணாச்சி, இதையே திரும்ப மாட்டிருவமா? மொட்டையவிட இது அகலம். கெளம்பிரும்."

அய்யாக்குட்டி ஜாக்கியை எடுக்கப் போனார்.

"தொடாதிய" என்றாள் பொன்மலர். அவள் முகம் வேர்த்து வெளுத்திருந்தது. "அது வர வேண்டிய எடம் இதுதான், வந்துட்டு. இனிமே அது எங்கயும் போவாது. அத மாட்டுனா நாமளும் போவ மாட்டோம்."

"அப்ப என்னதான் செய்ய?"

ஒரு வலி வந்து போகும்வரை அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "மாட்டாண்டாம். கீழ போடுங்க. மட்டை போடுத மாதிரி."

இரண்டு பேரும் சக்கரத்துக்கு முன்னால் மணலை வாரினார்கள், வாரிய அளவுக்கு மணல் திரும்பச் சரிந்தது, சரிந்ததையும் வாரினார்கள். பின்சக்கரங்களுக்கு முன்னால் ஆளுக்கு ஒன்றாகத் தையல் டயரையும் அதன் ஜோடியையும் படுக்கவைத்து, அதற்கு முன்னால் மற்ற இரண்டையும் வைத்தார்கள். அய்யாக்குட்டி ஏறி, சாவியைத் திருப்பி, கிளட்சை விட்டார், ஒரு தூங்கும் குழந்தையின் தலைக்கு அடியிலிருந்து கையை எடுப்பதுபோல். மொட்டை டயர் சுற்றியது, வழுக்கியது, இசக்கிதாஸ் போட்ட தையலில் போய்ப் பற்றியது. ஜீப் முனகிக்கொண்டே தன் பழைய கால்களின்மேல் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, ஓடத் தொடங்கியது. நிறுத்தினால் மறுபடி புதையும் என்பதால் அய்யாக்குட்டி நிறுத்தவில்லை. இசக்கிதாஸ் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு, "அண்ணாச்சி, மெள்ள! மெள்ளப் போங்க, நிக்காண்டாம், மெள்ள மட்டும் போங்க!" என்று கத்தியபடி வெகுதூரம் ஓடிவந்து பின்கதவைப் பிடித்துத் தொற்றினார். எடை குறைய இறக்கி வைத்த பம்பு அங்கேயே கிடந்துவிட்டது.

மிச்ச வழியை அவர்கள் எப்படிக் கடந்தார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. கடைசி மேட்டில் ஏறியபோது கடல் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன கொஞ்ச நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. இசக்கிதாஸ் குழந்தையைப் பார்த்துவிட்டு, உள்ளங்கால் மொட்டை டயர் மாதிரி வழுவழுவென்று இருப்பதாகச் சொன்னார்.

உடைமரத்தடி டயர்களை அந்த ஆடிக்காற்றே மூடிவிட்டது. அய்யாக்குட்டி பிறகு ஜீப்புக்குப் புது டயர்கள் போட்டார், தேரியின் நடுவில் தினமும் ஒரு பனைமட்டையை வீசிவிட்டுப் போகிறார், அவரைப் பார்த்து வேறு சிலரும் வீசுகிறார்கள். ஆனால் அந்த ஜீப்புக்கு மட்டும் அதற்குப் பிறகு முன்தடம் விழவில்லை. மற்ற ஊர்களில் விழுவதுபோல், வண்டி போன பிறகு பின்னால்தான் விழுகிறது. அவர் மறுநாள் போவாரா, போனால் வருவாரா என்று ஊரில் யாராலும் சொல்ல முடிவதில்லை. பொன்மலர் மணலைப் பார்க்காமலே உலை வைக்கிறாள், ஜீப்பின் சத்தம் கேட்கும்வரை வாசலுக்கு மூன்று தடவை வருகிறாள்.

சிமியோன் இன்னும் தடத்தைப் பார்த்துத்தான் பால் வாங்குகிறார். அதனால் அவர் கணக்கில் வராத அய்யாக்குட்டி இப்போதெல்லாம் அந்தக் கடையில் கடுங்காப்பி குடிக்கிறார்.